மருத்துவத்தின் நான்கு கூறுகளும் நம் செய்தித்தாள்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் நிற்போர் பழந்தமிழ் இலக்கியத்தின் நயம் பேசுவர். அல்லது ஊர்விட்டு வந்தும் மொழி மறவாத நம் பெருமை பேசுவர். அவ்விரண்டையும் சுவைபடப் பேச வல்லோர் பலர் இங்கு அமர்ந்திருக்கின்றனர். ஆதலின் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். நலவாழ்வுச் செய்தியை நமக்கு எழுதித் தருவோர் யார், அவர்கள் அமரும் செய்தியறையில் யாருக்கு இடம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதே அப்பொருள். இன்னிசைக்காகக் காத்திருப்போர் சற்றே பொறுத்தருள வேண்டும். குறளில் தொடங்குகின்றோம், ஆதலால் மரபு முற்றும் கெட்டுவிடாது.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் மருந்து. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார். நோய்ப்பட்டவர், நோயை நீக்கும் மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பணிவிடை செய்பவர் என்பன அந்நான்கு. வரிசையை நோக்குங்கள். முதலிடம் மருத்துவருக்கு இல்லை, நோயாளிக்கே. பணிவிடை செய்பவரையும் மருத்துவத்துக்குப் புறம்பாக வைக்காமல் உள்ளேயே வைத்து எண்ணுகின்றார்.

இனி, நாளைக் காலையில் உங்கள் இல்லத்துக்கு வரும் செய்தித்தாளின் நலவாழ்வுப் பக்கத்தை விரித்துப் பாருங்கள். இதயநோய் வல்லுநர் ஒருவரின் அறிவுரை இருக்கும். புதிதாக வந்த மருந்தின் சிறப்பு இருக்கும். புது மருத்துவமனையின் திறப்பு விழாவில் அமைச்சர் நாடா வெட்டும் படம் இருக்கும். வள்ளுவர் சொன்ன நான்கில் நடுவிலுள்ள இரண்டும் குறைவின்றி இருக்கும். முதலும் ஈறும் பெரும்பாலும் இரா. நோயாளி வருவார், ஆனால் நேற்று இத்தனை பேர் என்று எண்ணாக வருவார். பணிவிடை செய்பவரோ வேலைநிறுத்தம் செய்யும் நாளில் மட்டும் வருவார்.

இதற்குக் காரணம் எவருடைய தீய எண்ணமும் அன்று. செய்தி எழுதுபவருக்கு மருத்துவர் அறிமுகமானவர், உடன் படித்தவர், அடுத்த மாடியில் குடியிருப்பவர். தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் மருந்துச் சீட்டுடன் நிற்கும் அம்மையார் அவருக்கு அறிமுகமானவர் அல்லர். அறியாதவரிடம் என்ன கேட்பது, எம்மொழியில் கேட்பது, எந்த நேரத்தில் சென்றால் அவருக்கு ஓய்விருக்கும் என்பவையெல்லாம் தெரியாதபோது, தொலைபேசியில் கிடைக்கும் மருத்துவரோடு செய்தி முடிந்துவிடுகிறது.

இந்நகரம் இதனை ஒருமுறை பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1896-ஆம் ஆண்டு செப்டம்பரில் மாண்டவிப் பகுதியில் பரவிய காய்ச்சல் பிளேக்கு என்னும் கொள்ளைநோயே என்று டாக்டர் அக்காசியோ வியேகாசு கண்டறிந்தார். அரசு விரைந்து செயற்பட்டது. விரைவு வேண்டியதே. ஆனால் வீடுவீடாகச் சோதனை, கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல், பெண்டிரை அயலார் தொட்டுப் பார்த்தல் என்று அது மக்கள்மேல் வந்து விழுந்தது. ஏன், எதற்கு என்று அவர்கள் மொழியில், அவர்கள் நம்பும் ஒருவர் வாயால் சொல்வாரில்லை. செய்தி இல்லாத இடத்தில் வதந்தி குடிபுகும். ஆர்தர் சாலை மருத்துவமனைக்குள் செல்பவர் கொல்லப்படுகின்றனர் என்ற பேச்சு பரவி, அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் ஏறத்தாழ ஆயிரம் ஆலைத் தொழிலாளர் அம்மருத்துவமனையைத் தாக்கினர். 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் புனேயில் நோய்ப்பட்டாரைத் தாமே தாங்கிச் சென்ற சாவித்திரிபாய் பூலே அந்நோய்க்கே இரையானார். வள்ளுவர் கூறிய நான்காம் கூற்றுக்கு அவரினும் சிறந்த சான்று யாரே?

இங்கு ஒரு செய்தியை இடையே சொல்லிச் செல்லலாம். அக்கொள்ளைநோயின் பின் 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளையே தாதர்–மாட்டுங்காத் திட்டத்தை வகுத்தது. நாம் மாலையில் உலாவும் மாட்டுங்காவின் நேர்வீதிகளும் மரநிழலும் அந்நோய் ஈன்ற குழந்தைகள் என்றால் வியப்பாகவே இருக்கும். தாராவிக்கு அத்தகைய வீதிகள் வாய்க்கவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்ட நம்மவர் அங்குத் தங்கினர். எழுத்தர் வேலைக்கும் ஆசிரியர் வேலைக்கும் வந்த நம்மவர் மாட்டுங்காவிலும் பின்னர்ச் செம்பூரிலும் தங்கினர். இரு சாராரும் பேசுவது தமிழ். இடையே கிடப்பது ஓர் இரயில்பாதை. ஆயினும் செய்தித்தாள் அலுவலகங்களுக்குச் சென்ற தமிழர் பெரும்பாலும் பாதையின் இப்பக்கத்திலிருந்தே சென்றனர்.

நூற்றிருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்தன. 2020 ஏப்ரல் 1-ஆம் நாள் தாராவியில் முதற் கோவிட் நோயாளி கண்டறியப்பட்டார். இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த அந்நிலத்தில் வாழ்வோரை ஆறு லட்சம் முதல் பத்து லட்சம் வரை பலவாறு மதிப்பிடுவர். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐவரும் எண்மரும் உறங்குவர். ஐந்தில் நால்வர் பொதுக் கழிப்பிடத்தை நம்பியிருப்போர் என்று அப்போது மாநகராட்சி அலுவலர்களே கூறினர். உடனே நாட்டு இதழ்களும் வெளிநாட்டு இதழ்களும் தாராவியை வெடிக்கப் போகும் குண்டு என்று எழுதத் தொடங்கின. மூன்று மாதம் சென்றது. மாநகராட்சியும் அங்கிருந்த தனியார் மருத்துவர்களும் வீடுவீடாகச் சென்று நோய் தேடினர். பள்ளிகளும் மண்டபங்களும் தனிமை இல்லங்களாயின. சூலை 10-ஆம் நாள் உலக நலவாழ்வு நிறுவனத்தின் தலைவர் டெட்ரோசு, இத்தாலி, எசுப்பானியா, தென்கொரியா ஆகியவற்றோடு தாராவியின் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பாராட்டினார். உடனே அதே இதழ்கள் தாராவி முன்மாதிரி என்று எழுதின. திசம்பர் 25-ஆம் நாள் அங்குப் புது நோயாளி ஒருவரும் இல்லை என்று அறிவிக்கப்பட்டபோது மீண்டும் எழுதின.

முதலில் குண்டு, பின்பு முன்மாதிரி. இரண்டும் மேம்பாலத்தின் மேலிருந்து கீழே பார்த்து எழுதிய சொற்கள் என்பது நம் கருத்து. கழிப்பிடத்தை நாளுக்குப் பலமுறை கழுவியவர் யார், அவருக்குக் கையுறை கிடைத்ததா, வீடுவீடாகக் கதவு தட்டிய நலவாழ்வுத் தொண்டர்ப் பெண்மணி எந்தச் சந்தில் குடியிருந்தார், மாலையில் அவர் தம் குழந்தையைத் தூக்கினாரா, அஞ்சி விலகி நின்றாரா என்பவற்றை ஆழ்ந்து எழுதிய நல்ல நிருபர்கள் சிலர் இருந்தனர், அவர்களை மறுக்கவில்லை. எனினும் தலைப்பு எழுதுவோர் வேறு. நிருபர் தெருவில் நடக்கிறார். தலைப்பு அலுவலகத்தில் பிறக்கிறது.

நாம் சொல்வது உணர்ச்சிப் பேச்சு அன்று என்பதற்கு ஓர் எண்ணைக் காட்டுகின்றோம். 2020 சூலையில் மும்பை மாநகராட்சியும் நிதி ஆயோகும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் மூன்று வார்டுகளில் 6,936 பேருடைய குருதியைச் சோதித்தன. அம்மூன்றில் ஒன்று தகிசர். மற்ற இரண்டும் நம்முடையவை. ஒன்று மாட்டுங்கா அடங்கிய வடக்கு எஃப் வார்டு. மற்றொன்று செம்பூர் அடங்கிய மேற்கு எம் வார்டு. குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினரை நோய் தொட்டுச் சென்றிருந்தது. பிற பகுதிகளில் 16 விழுக்காட்டினரை மட்டுமே தொட்டிருந்தது. ஒரே வார்டு, ஒரே வார்டு அலுவலகம், காலையில் போடப்படுவதும் ஒரே செய்தித்தாள். மக்கள் நெருக்கமும் பொதுக் கழிப்பிடமும் பொதுக் குழாயும் காரணமாகலாம் என்று ஆய்வாளர் கூறினர்.

அம்மாதங்களில் நாளும் வந்த அறிவுரைகளை நினைத்துப் பாருங்கள். தனியறையில் தங்குக; தனிக் கழிப்பறையைப் பயன்படுத்துக; அடிக்கடி கைகழுவுக. மருத்துவ நெறிப்படி அவை முற்றும் சரியானவை. ஆனால் அவை அந்தப் 16-க்கு எழுதப்பட்ட அறிவுரைகள். 57-க்கு எழுதப்பட்டவை அல்ல. தண்ணீர் வரும் இரண்டு மூன்று மணி நேரத்தில் குடம் நிரப்ப ஓடும் வீட்டில் வளர்ந்த ஓர் உதவி ஆசிரியர் அம்மேசையில் இருந்திருந்தால், கேள்வி வேறாகியிருக்கும். ஓரறை வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் மற்ற நால்வர் என்ன செய்வது? பொதுக் கழிப்பிடத்துக்கு எந்த நேரத்தில் சென்றால் நெரிசல் குறைவு? அங்கே தாழ்ப்பாளைத் தொட்ட கையை எங்கே கழுவுவது? இவை சிறிய கேள்விகள் போலத் தோன்றும். அந்த 57-க்கு வேண்டிய நலவாழ்வுச் செய்தி இவைதாம்.

செய்தியறையில் ஒரு சாராரே இருந்தால் வேறொரு கேடும் விளையும். அதே 2020 மார்ச்சு இறுதியில் தில்லி நிசாமுதீனில் கூடியவர்களிடையே நோய் கண்டபோது, நோய்ச் செய்தி மதச் செய்தியாக மாற்றப்பட்டது. ஆகசுடு 21-ஆம் நாள் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டினர் மீது தொடுத்த வழக்குகளைத் தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடாவாக்கப்பட்டனர் என்றும், அச்சிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் அவர்களுக்கு எதிராகப் பெரும் பிரசாரம் நடந்தது என்றும் கடிந்துரைத்தது. அதற்குள் தெருவில் காய்கறி விற்ற எத்தனையோ முசுலிம் எளியவர் வாடிக்கை இழந்தனர். தாராவியில் நெல்லைச் சீமை முசுலிம்களும் ஆதிதிராவிடரும் நாடாரும் அடுத்தடுத்த சந்துகளில் வாழ்கின்றனர். அச்சந்துகளில் வளர்ந்த ஒருவர், அத்தலைப்பு அச்சேறு முன் ‘ஐயா, இது தகாது’ என்று சொல்லியிருப்பார்.

அவ்வாறு சொல்ல அங்கு யார் இருக்கின்றனர்? 1996 நவம்பரில் பி. என். உனியால் என்னும் பத்திரிகையாளர் ‘பயனியர்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தலித் பத்திரிகையாளர் ஒருவரைத் தேடிப் பார்த்துக் காணாமையே அதன் பொருள். 2006-இல் தில்லியில் 37 செய்தி நிறுவனங்களின் மேல்மட்டத்தினர் 315 பேரை ஆராய்ந்தனர். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவரும் இலர். 2019-இல் ஆக்சுபாம் இந்தியாவும் நியூசுலாண்டரியும் வெளியிட்ட அறிக்கையில் 121 தலைமைப் பொறுப்புகளுள் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒன்றும் இல்லை. இவை நலவாழ்வுச் செய்தியறைக்கு மட்டும் எடுத்த கணக்குகள் அல்ல. எனினும் நலவாழ்வுப் பகுதி அந்த மாளிகையின் ஓர் அறையே அன்றோ?

புறத்தே நிறுத்தப்பட்டோர் தாமே இதழ் தொடங்கியதும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். நோயாளியின் கைநாடி பார்த்த அதே கையால் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். இந்நகரில் 1920 சனவரி 31-இல் அண்ணல் அம்பேத்கர் தொடக்கி வைத்த இதழுக்கு ‘மூக்நாயக்’ என்று பெயர். பேச இயலாதாரின் தலைவன் என்பது பொருள். அதற்குக் கட்டணம் செலுத்தியே விளம்பரம் தருவதாகச் சொல்லியும் ‘கேசரி’ இதழ் ஏற்கவில்லை என்பர். பிளேக்குக் காலத்தில் மக்கள் பட்ட துன்பத்தை அஞ்சாது எழுதிய இதழ் அது. அதன் ஆசிரியர் திலகர் 1897-இல் சிறை சென்றார். ஆட்சியாளரின் கொடுமையைக் கண்ட கண்ணுக்கு அண்டை வீட்டாரின் கொடுமை புலப்படாமற் போகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. இந்நகரிலேயே 1990-இல் பத்திரிகையாளர் அசோக் ராவ் கவி, தன்பாலீர்ப்புடையோர்க்காகப் ‘பம்பாய் தோசுத்’ என்னும் இதழைத் தொடங்கினார். எய்ட்சு நோயைப் பற்றி மற்றோர் பழிச்சொல்லாகப் பேசிய காலம் அது. யாரைப் பற்றி ஊர் தாழ்ந்த குரலில் பேசியதோ, அவர்களிடமே நேராகப் பேசுவதற்கு அவர்களுள் ஒருவர் வேண்டியிருந்தது.

சிலர் கேட்பர்: ‘மருத்துவ அறிவுக்குச் சாதி ஏது, நிறம் ஏது? வெப்பமானி எல்லோர்க்கும் ஒரே அளவைத்தானே காட்டும்?’ நல்ல கேள்வி. விடை சொல்ல வேண்டியதே.

தாராவியில் விரலில் மாட்டி உயிர்வளி அளந்த சிறு கருவியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். ஆக்சிமீட்டர் என்போம். அஃது ஒளியைத் தோலினூடே செலுத்தி அளக்கிறது. கருநிறத் தோலில் அது உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது சில ஆய்வாளர்க்கு முன்பே தெரியும். ஆனால் பொதுமக்கள் அறியார். 2020-இல் ஏமி மோரன்-தாமசு என்னும் மானிடவியல் அறிஞர், மருத்துவர் அல்லாதவர், அமெரிக்காவின் ஒரு பொது இதழில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதைப் படித்த மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தம் மருத்துவமனைக் கணக்குகளைப் புரட்டினர். கருவி நலம் என்று காட்டியும் உண்மையில் உயிர்வளி குறைந்திருந்தோர் கறுப்பின நோயாளிகளுள் ஏறத்தாழ 12 விழுக்காடு. வெள்ளையருள் ஏறத்தாழ 4. அவ்வாண்டு திசம்பரில் அது மருத்துவ இதழில் வெளிவந்தது. நம் தோலின் நிறம் என்ன என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. கருவி எல்லோர்க்கும் ஒன்றுதான். ‘எனக்கும் சரியாகக் காட்டுமா?’ என்று கேட்பவர் ஒருவர் வேண்டும்.

இதனினும் கொடிய கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் டசுகீகி என்னுமிடத்தில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கொண்ட 399 கறுப்பின ஆடவரைச் சிகிச்சையின்றி வைத்து நோய் எவ்வாறு முற்றுகிறது என்று அரசு மருத்துவர்கள் பார்த்திருந்தனர். பெனிசிலின் வந்த பின்னும் தரவில்லை. இது மறைவாக நடந்ததென்று எண்ணாதீர்கள். அவ்வாய்வைப் பற்றிய கட்டுரைகள் மருத்துவ இதழ்களில் பல ஆண்டுகளாக வெளிவந்தன, மருத்துவர் படித்தனர், நூலகங்களில் இருந்தன. 1972 சூலையில் அசோசியேட்டட் பிரசு நிறுவனத்தின் சீன் எல்லர் என்னும் பெண் நிருபர் எழுதிய பின்னரே அது செய்தியாயிற்று. நாற்பதாண்டு அது செய்தியாகாமைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். 1968-இல் அந்நாட்டின் கெர்னர் ஆணையம், ஆசிரியப் பணிகளில் கறுப்பினத்தவர் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு என்று எழுதியதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அந்த 399 பேருள் ஒருவரைத் தன் மாமன் என்றோ பாட்டன் என்றோ கருதக்கூடியவர் செய்தியறைகளில் இலர்.

இப்போது நம் பகுதிக்கு வருவோம். உலகின் காசநோயாளருள் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியாவில் உள்ளார். மும்பையின் நெருங்கிய குடியிருப்புகளை அந்நோய் விட்டபாடில்லை. மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன் என்னும் பத்திரிகையாளர் இருமுறை காசநோய்க்கு ஆளானவர். இரண்டாம் முறை தந்த ஊசிமருந்து அவருடைய செவிப்புலனைக் கவர்ந்துகொண்டது. பரதம் பயின்றவர், தாளம் கேளாத செவியோடு மீண்டும் ஆடினார். அவரும், அவ்வாறே செவி இழந்த தென்னாப்பிரிக்கப் பெண்மணி பூமேசா டிசிலேயும் சேர்ந்து, 2019-இல் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் ஓர் எதிர்ப்பு மனு கொடுத்தனர். பெடாகுவிலின் என்பது ஊசி வேண்டாத மாத்திரை, கடுங்காசநோய்க்கு உரியது. அதன்மேல் ஒரு நிறுவனத்துக்கு இருந்த தனியுரிமையை மேலும் சில ஆண்டுகளுக்கு நீட்டிக்கலாகாது என்பதே மனு. 2023 மார்ச்சில் அலுவலகம் அந்நீட்டிப்பை மறுத்தது. மலிவு விலையில் பிறரும் செய்ய வழி பிறந்தது. செவியைக் கெடுக்கும் கனாமைசின் ஊசியை இனிப் பயன்படுத்த வேண்டா என்று 2018–19-லேயே உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்திவிட்டது.

காப்புரிமை என்னும் வறண்ட சட்டச் செய்தியை, ஒரு மனிதரின் செவியில் ஒலி நின்றுபோன செய்தியாக உணர்ந்தவர் அதை எழுதவும் வாதாடவும் முன்வந்தார். ஆனால் எண்ணிப் பாருங்கள். தொலைபேசியில் கேட்டு எழுதுவதே நிருபர் வேலை என்று வைத்திருக்கும் அலுவலகத்தில் செவி கேளாதவர் எங்ஙனம் பணிபுரிவார்? பேசுவது எழுத்தாக ஓடும் கருவி வேண்டும். கூட்டத்தில் முகம் பார்த்துப் பேசும் பழக்கம் வேண்டும். மின்னஞ்சலில் பேட்டி எடுத்தால் ஏற்கும் ஆசிரியர் வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு ஓர் ஆண்டு விழாவின் பந்தற் செலவைத் தாண்டாது என்று தோன்றுகிறது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் சங்கத்தார்க்கு இது நெருக்கமானது. காசநோய் என்ற சொல்லைத் தாராவியில் எத்தனை பாட்டிமார் சொல்வர்? சிலர் எலும்புருக்கி என்பர்; சிலர் நெஞ்சுச்சளி என்பர்; பேரப்பிள்ளைகள் டி.பி. என்பர், மராத்தி பேசும் செவிலியர் க்ஷயரோகம் என்பார். ‘உங்கள் வீட்டில் காசநோய் உண்டா?’ என்று அச்சுத் தமிழில் கேட்டால் இல்லை என்ற விடை வரலாம். ‘நெஞ்சுச்சளிக்கு ஆறு மாதம் மாத்திரை தின்றது யார்?’ என்றால் கதை வெளிவரும். இந்த வேற்றுமையை அறிந்தவர், மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்து, தெருவில் மராத்தியும் கடையில் இந்தியும் பேசி, வீட்டில் நெல்லைத் தமிழ் பேசும் ஒரு தாராவிப் பெண். அவளிடம் மூன்று மொழி இருக்கிறது. விண்ணப்பத்தில் அவை மூன்றும் குறையாக எண்ணப்படுகின்றன. ஆங்கிலம் சற்றே தடுமாறுவது ஒன்றே பெரிதாகப் பார்க்கப்படுகிறது.

‘இடம் கொடுத்தால் தரம் குறையும்’ என்பார்க்கு ஒன்று சொல்வோம். 2002-இல் உத்தரப் பிரதேசத்துச் சித்திரகூடத்தில் ‘கபர் லகரியா’ என்னும் இதழ் தொடங்கியது. எழுதுவோர் கிராமத்துப் பெண்கள். அவர்களுள் தலித் பெண்கள் பலர். எழுத்தறிவை அண்மையில் பெற்றோரும் இருந்தனர். பேறுகாலத் துன்பமும் பூட்டிக் கிடக்கும் நலவாழ்வு நிலையமும் அவர்களுக்குத் தொலைவில் நடக்கும் செய்திகள் அல்ல. 2009-இல் அவ்விதழுக்கு யுனெசுகோவின் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. பயிற்சி கொடுத்தார்கள், பிழை திருத்தினார்கள், மீண்டும் எழுதச் சொன்னார்கள். தரம் அவ்வாறுதான் வருகிறது. எக்குலத்தார்க்கும் அவ்வாறுதான் வந்தது. நலவாழ்வு நிருபருக்கு மருத்துவ ஆய்வைப் படிக்கவும், விழுக்காட்டின் பொருளை உணரவும், மருந்து நிறுவனத்தின் விளம்பரத்தைச் செய்தியினின்றும் பிரிக்கவும் தெரிய வேண்டும். இவற்றில் சலுகை கேட்கவில்லை. பயிலும் வாய்ப்பையே கேட்கின்றோம்.

அழகுக்கு ஒருவரை அமர்த்துவதும் நமக்கு உடன்பாடன்று. தாராவியிலிருந்து ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்து, ஆண்டு முழுவதும் தாராவியைப் பற்றி மட்டும் எழுதச் சொல்வதும் ஒருவகைச் சிறையே. அவள் இதய அறுவையைப் பற்றியும் எழுதட்டும். மருத்துவக் காப்பீட்டைப் பற்றியும் எழுதட்டும். ஒருநாள் தலைப்பை முடிவு செய்யும் நாற்காலியிலும் அமரட்டும். 121-இல் சுழி என்றிருப்பது அந்நாற்காலியின் கணக்கே.

இனி, நாம் செய்யத்தக்கது யாது? நகரத்துப் பெரிய இதழ்களை நாம் நடத்தவில்லை. ஆனால் மாணவரை அனுப்ப நம்மால் இயலும். சென்னை ஏசியன் இதழியல் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்க்கு உதவித்தொகை உண்டு. மும்பைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை உண்டு. 1932-இல் மாட்டுங்காவில் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் கல்லூரிகள் நம் வாயிற்படியில் உள்ளன. விண்ணப்பம் எழுதத் துணை, நுழைவுத் தேர்வுக்கு ஆங்கிலப் பயிற்சி, முதல் ஆண்டு தங்குமிடச் செலவு என்பவை இருந்தால் தாராவியிலிருந்தும் செம்பூர்க் குடிசைப் பகுதிகளிலிருந்தும் ஆண்டுக்கு இருவரையேனும் அனுப்பலாம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் பலர் இருக்கின்றனர்; வாரம் இரண்டு மாலை தந்தால் போதும். மாணவர் செம்பூர் வரை வருவதினும் ஆசிரியர் தாராவிக்குச் செல்வது நன்று. மாட்டுங்காவிலிருந்து நடந்தே போகலாம்.

அடுத்த ஆண்டு மலருக்கு மற்றொன்றும் வேண்டுகின்றோம். மருத்துவ வல்லுநரின் கட்டுரை வழக்கம்போல் வரட்டும். அதனருகே நோயிலிருந்து மீண்டவர் ஒருவரின் கட்டுரையும், நலவாழ்வுத் தொண்டர்ப் பெண்மணி ஒருவரின் கட்டுரையும் வேண்டும். எழுதிப் பழக்கம் இல்லை என்பாராயின் அவர் சொல்லச் சொல்ல நாம் எழுதிக்கொள்வோம். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி, அவர் ஒப்பிய பின்னரே அச்சுக்கு அனுப்புவோம். பெயரும் அவர் பெயராகவே இருக்கட்டும்.

ஆங்கிலம் கற்பிக்க முன்வரும் ஆசிரியப் பெருமக்கள், இசை நிகழ்ச்சி முடிந்ததும் வாயிலருகே உள்ள மேசையில் தம் பெயரும் வசதியான நாளும் எழுதித் தரலாம். பள்ளி இறுதி வகுப்பு முடித்த மாணவியரின் பெற்றோரும் அங்கே வரலாம்.